பனிமலையில் ஒரு வழி

தமிழில் பனி என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். வைகறையில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. மார்கழியில் தெருவை மறைக்கும் மூட்டமும் பனி. கண்ணில் துளிக்கும் நீரும் பனி. குளிராலோ அச்சத்தாலோ உடல் நடுங்குவதைப் பனித்தல் என்று பழைய நூல்கள் கூறும். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த முன்னோர் அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்டனர். ஆயினும் வானிலிருந்து வெண்பஞ்சுபோல் இறங்கி, ஆள் உயரத்துக்குக் குவிந்து, பல திங்கள் நிலத்தை மூடிக் கிடக்கும் பனியோடு தமிழர் வாழ்ந்ததில்லை. நீலமலையின் உறைபனிகூடக் கதிரவன் எழுந்ததும் மறையும் மெல்லிய பூச்சே. இமயம் பாட்டில் உண்டு. அதன் வெண்பனியில் கால் புதைய நடப்பது தமிழரின் அன்றாடத்தில் இல்லை.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைநாட்டாருக்கோ அஃது அன்றாடம். ஆகவே அவர்கள் மொழியில் பனிக்குப் பெயர்கள் மிகுதி. செருமானிய மொழி பேசும் மலைவாணர் கோடையைக் கடந்தும் கரையாமல் எஞ்சிய பழம்பனியை 'ஃபிர்ன்' என்பர். சென்ற ஆண்டினது என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். மேற்புறம் ஓடுபோல் இறுகிய பனி 'ஹார்ஷ்'. இளவேனில் வெயிலில் இளகி ஈரமான பனி 'ஸுல்ட்ஸ்'. தரையை ஒட்டி அடியில் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைபோல் உதிரும் பரல்களுக்கு, 'நீந்தும் பனி' என்று பொருள்படும் ஒரு பெயர் வழங்குகிறது. கேட்பதற்கு அழகிய பெயர். மலையில் பலருடைய உயிரைக் கொண்டுபோன பனியும் அதுவே.

இந்தப் பனியின்மேல் மனிதர் வழி காணும் முறை ஒன்று உண்டு. பனிச்சறுக்கு என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது, கம்பிவடத்தில் தொங்கும் ஊர்தியில் ஏறி, செப்பனிடப்பட்ட சரிவில் விரைந்து இறங்கி மகிழும் கூட்டமே. அங்கே ஆபத்தான சரிவுகளை ஊழியர் அடைத்துவைப்பர். வழியெங்கும் கம்பங்கள் நிற்கும். அதற்கு அப்பால், ஊர்தியும் கம்பமும் காவலும் இல்லாத மலையில், தன் காலால் ஏறித் தன் காலால் இறங்குவோர் சிலர் உளர். அவர்கள் செய்வது சறுக்குப் பயணம். ஏறுவதற்கு நான்கு மணி நேரம் ஆனால், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே விரைவின் இன்பத்தை மட்டும் நாடுவோருக்கு இது பொருந்தாது.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் காலில் கட்டிக்கொண்டு மலை ஏறுவது எங்ஙனம் என்னும் ஐயம் எழுவது இயல்பு. விடை எளியது. பலகையின் அடியில் ஒரு நீண்ட தோல்பட்டையை ஒட்டிக்கொள்வர். அதன் மயிர் அனைத்தும் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். முன்னோக்கித் தள்ளினால் வழுக்கும். பின்னோக்கிச் சரிய முயன்றால் மயிர் சிலிர்த்துப் பனியைப் பற்றிக்கொள்ளும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள வேறுபாடே இதன் நுட்பம். முற்காலத்தில் கடல்நாயின் தோலைப் பயன்படுத்தினர்; இக்காலத்தில் அங்கோரா ஆட்டின் மயிரும் நைலான் இழையும் அவ்விடத்தைப் பெற்றுவிட்டன. ஏறும்போது குதிகால் பலகையிலிருந்து விடுபட்டு எழும். உச்சியில் தோலைக் கழற்றி மடித்துவிட்டுக் குதிகாலைப் பூட்டிக்கொண்டால் அதே பலகை இறங்கும் ஊர்தி ஆகிவிடும். பழகிய நடையில் ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறுவர்.

நார்வே நாட்டிலிருந்து ஆல்ப்ஸுக்கு வந்த இந்தக் கலை, முதலில் அங்குள்ளோரின் நகைப்புக்கே இலக்காயிற்று. 1897 ஜனவரியில் வில்ஹெல்ம் பவுல்க்கே என்னும் நில இயல் அறிஞர், தோழர் நால்வருடன் பெர்ன் மாநிலத்தின் உயர்ந்த பனியாறுகளைச் சறுக்குப் பலகைகளின் மேலேயே கடந்து காட்டினார். குளிர்காலத்தில் உயர்மலை மூடிய கதவு என்று எண்ணியிருந்தோரின் எண்ணத்தை அந்தப் பயணம் மாற்றியது. பனியை ஆராய்ந்து எழுதுவதும் பின்னாளில் அவர் பணியாயிற்று.

இன்று உலகில் பெரும்பெயர் பெற்ற சறுக்குப் பயண வழி, பிரான்சு நாட்டின் ஷமொனி என்னும் ஊரிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை செல்வதாகும். மோன் பிளான் மலையின் அடியில் தொடங்கி மாட்டர்ஹார்ன் மலையின் அடியில் முடிவது. பிரெஞ்சு மொழியில் 'ஓத் ரூட்' என்பர். உயர்வழி என்று தமிழில் கூறலாம். 1861 அளவில் ஆங்கிலேய மலையேறிகள் இதனைக் கோடையில் நடந்து கண்டனர். 1903-இல் ஷமொனியைச் சேர்ந்த மருத்துவர் மிஷேல் பயோவும் வழிகாட்டிகள் சிலரும் குளிர்காலத்தில் சறுக்குப் பலகைகளோடு செர்மாட்டை அடைந்தனர். அதன்பின் வந்தோர் இடையிடையே வழியைத் திருத்தினர். ஆறு அல்லது ஏழு நாள் ஆகும் பயணம் அது.

அதன் போக்கைச் சுருங்கக் கூறலாம். அர்ஜான்த்தியேர், திரியான் பனியாறுகளைத் தாண்டிச் சுவிட்சர்லாந்துக்குள் இறங்குதல், அங்கிருந்து பலரும் பேருந்தேறி வெர்பியே ஊருக்குச் சென்று மீண்டும் மலையேறுதல், பிராஃப்லூரி குடில், தீஸ் குடில், அதன்பின் ஏறத்தாழ 3,790 மீட்டர் உயரமுள்ள பீன் தரோலா மலையின் தோளைக் கடந்து வின்யெத் குடில். கடைசி நாளில் மூன்று கணவாய்களைக் கடந்து, மாட்டர்ஹார்ன் மலையின் வடமுகத்தின் கீழாகச் செர்மாட்டுக்கு நெடிய இறக்கம். தீஸ் குடிலுக்குச் செல்லும் வழியில் ஒரு பெரிய நீர்த்தேக்கத்தின் கரையோரம் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். 285 மீட்டர் உயரமுள்ள கிராந்த் தீக்சான்ஸ் அணையால் தேங்கிய நீர் அது. வரைபடத்தில் இந்தப் பகுதி எளியதாகவே தோன்றும்; ஏற்றம் சிறிது, இறக்கம் சிறிது. ஆனால் கரைக்கு மேலே நிற்கும் சரிவுகள் வெயில் ஏறியதும் பனியைக் கீழே கொட்டத் தொடங்கும். அறிந்தோர் காலையிலேயே அதனைக் கடந்துவிடுவர். அறியாதோர் நண்பகலில் அங்கே நின்று ஏரியின் அழகைப் படம் பிடிப்பர்.

சுவிட்சர்லாந்து அரசின் நில அளவைத்துறை சறுக்குப் பயணத்துக்கென்றே வரைபடங்களை அச்சிடுகிறது. வழிகளைச் சிவப்புக் கோடாகவும், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளைத் தனி நிறத்திலும் காட்டும் அருமையான படங்கள் அவை. புதியவர் அந்தச் சிவப்புக் கோட்டைச் சாலை என்று கொள்கின்றனர். உண்மையில் அது பலர் பல காலம் சென்று கண்ட ஒரு வாய்ப்பு மட்டுமே. சாலை நேற்று இருந்தது, இன்றும் இருக்கும். பனிமேல் வழியோ ஒவ்வொரு காலையிலும் புதிதாக முடிவு செய்யப்பட வேண்டியது. நேற்றுப் பத்துப் பேர் பாதுகாப்பாகச் சென்ற தடத்தில், இன்று பதினோராவது ஆள் செல்லும்போது மலை சரியலாம். அதற்குக் காரணம் பனிக்குள்ளேயே இருக்கிறது.

பனி ஒரே நாளில் பெய்து முடிவதன்று. நவம்பரில் ஒருமுறை, டிசம்பரில் இருமுறை, பிறகு சில வாரம் வறண்ட குளிர், மீண்டும் பெரும்பொழிவு என்று அடுக்கடுக்காகச் சேர்வது. வெட்டிப் பார்த்தால் ஏட்டுச்சுவடியின் ஓரம்போல் அடுக்குகள் தெரியும். எந்த நாளில் காற்று வீசியது, எந்த நாளில் மழை தூறியது, எந்த இரவு தெளிந்து குளிர்ந்தது என்பதெல்லாம் அவ்வடுக்குகளில் பதிந்திருக்கும். மேலுள்ளோர் மறந்துவிட்ட நவம்பரைப் பனி பிப்ரவரியிலும் மறப்பதில்லை.

அதன் இயக்கம் வியப்புக்குரியது. குளிர்காலத்திலும் பனியின் அடியில் தரை ஏறத்தாழ 0 பாகை வெப்பத்திலேயே இருக்கிறது. மேற்பரப்போ தெளிந்த இரவில் கடுமையாகக் குளிர்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டால் நீராவி அடியிலிருந்து மேலே நகர்கிறது. நகரும்போது பழைய பனித்துகள்களைத் தின்று, புதிய பரல்களை வளர்க்கிறது. பட்டை தீட்டியதுபோல் மூலைகளும் முகங்களும் கொண்ட பரல்கள் அவை. அவற்றிடையே பிணைப்பு மிகக் குறைவு. பனியின் கனம் சிறிதாக இருந்தால் இந்த மாற்றம் விரைவாக நிகழும். ஆகவே பனி குறைந்த ஆண்டில் ஆபத்தும் குறையும் என்று கருதுவது பிழை. பனி மெல்லியதாகப் பெய்து, நெடுநாள் வறண்டு, அதன்மேல் பெரும்பனி கொட்டும் ஆண்டே மலைவாணர் அஞ்சும் ஆண்டு. மணல் பரப்பிய சாய்தளத்தின்மேல் ஒரு கற்பலகையை வைத்ததுபோல் மலைமுகம் முழுவதும் நிற்கும்.

காற்று இதற்குத் துணை செய்கிறது. மழைபோலன்றிப் பனியை விழுந்த இடத்தில் காற்று விட்டுவைப்பதில்லை. மலைமுகட்டின் ஒரு பக்கத்திலிருந்து துடைத்து, மறுபக்கத்தில் குவித்து, அடித்து இறுக்குகிறது. இறுகிய அந்தப் பனி பலகைபோல் ஒட்டுமொத்தமாக நகரும் தன்மை பெறுகிறது. அப்பலகைக்கு அடியில் நலிந்த அடுக்கு இருந்து, சரிவு 30 பாகையைக் கடந்ததாக இருந்தால், மேலே செல்லும் ஒருவரின் எடையே போதும். எங்கோ ஒரு மெல்லிய இடத்தில் பிணைப்பு முறிகிறது. முறிவு நலிந்த அடுக்கு வழியாக நொடியில் பரவுகிறது. ஏறத்தாழ 50 மீட்டர் அகலமும் அரை மீட்டர் தடிமனும் உள்ள பனிப்பரப்பு அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. பனிச்சரிவு என்றால் எங்கோ மேலிருந்து தானாக வந்து விழுவது என்றே பலரும் நினைக்கின்றனர். சறுக்குப் பயணிகள் சிக்கும் சரிவுகளுள் பத்தில் ஒன்பது, சிக்கியவராலோ அவர் குழுவினராலோ தூண்டப்பட்டவை.

சில நேரங்களில் பனி முன்கூட்டியே பேசும். சமநிலத்தில் செல்லும்போதே காலடியில் 'உம்ம்' என்று ஒரு தாழ்ந்த ஒலி எழும். பரப்பு சற்றே அமுங்கும். அடியிலுள்ள நலிந்த அடுக்கு நொறுங்கும் ஒலி அது. அதைக் கேட்ட வழிகாட்டி செங்குத்தான சரிவை அன்று தொடமாட்டார். ஆனால் பனி எப்போதும் பேசுவதில்லை. பேசாத நாளுக்காகவே ஆராய்ச்சி தேவைப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் தாவோஸ் ஊருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக் என்னும் முகட்டில், 1936-இல் பனியாலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்து அறிஞர் சிலர் பணி தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த பனி ஆய்வு நிறுவனம் இன்று குளிர்காலம் முழுவதும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. 1950–51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவில் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் வீட்டிலும் தொழுவத்திலும் இருந்த மலைவாணர். தடுப்பு வேலிகளும் காடு வளர்ப்பும் ஊர்களைப் பெரிதும் காத்தன. இன்று அங்கே பனிச்சரிவில் இறப்போருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், விரும்பி மலைக்குச் சென்ற பயணிகளே ஆவர்.

அந்த அறிக்கை ஆபத்தை ஐந்து நிலையாகப் பகுக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1993-இல் ஒத்துக்கொண்ட அளவுகோல் அது. சிறிது, மிதமானது, கணிசமானது, பெரிது, மிகப் பெரிது என்று அதன் படிகளைத் தமிழில் கூறலாம். இங்குதான் மனித மனத்தின் ஒரு கோணல் வெளிப்படுகிறது. ஐந்தில் மூன்று என்றவுடன் நடுத்தரம் என்று மனம் கொள்கிறது. தேர்வில் ஐந்துக்கு மூன்று பெற்றவன் தேறியவன் அன்றோ? ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் முந்தியதைவிடப் பன்மடங்கு பெரியது. 3-ஆம் நிலையில் இயற்கையான எச்சரிக்கைகள் சிலவே தெரியும். ஒரே ஒருவரின் எடை சரிவைத் தூண்டப் போதுமானது. 4-ஆம் நிலையில் மலை வெளிப்படையாக முழங்கும், எவரும் போகமாட்டார். 5-ஆம் நிலை அரிது. ஆதலால் உயிரிழப்பில் ஏறத்தாழப் பாதி 3-ஆம் நிலையில் நிகழ்கிறது. கொடியதைவிடக் கொடியதுபோல் தோன்றாததே பலரைக் கொன்றிருக்கிறது.

வெர்னர் முன்ட்டர் என்னும் சுவிஸ் வழிகாட்டி இதற்கு ஓர் எளிய கணக்கை வகுத்தார். 2-ஆம் நிலையில் 40 பாகைக்குக் குறைந்த சரிவு, 3-ஆம் நிலையில் 35-க்குக் குறைந்தது, 4-ஆம் நிலையில் 30-க்குக் குறைந்தது. இதற்கு மேல் போகாதே என்பது அதன் சாரம். பனியின் நுட்பத்தை வாழ்நாள் முழுவதும் ஆய்ந்தோர் சிலர், மலையைக் கூட்டல் கழித்தலுக்குள் அடக்குவதா என்று வெகுண்டனர். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் களைப்பும் ஆசையும் தோழர் முன் வெட்கமும் ஒருங்கே வந்து நெருக்கும் வேளையில், நுட்பமான அறிவைவிட மறுக்க முடியாத ஓர் எண் மனிதனுக்குப் பெருந்துணை ஆகும். அந்தக் கணக்கின் சிறப்பு அதன் துல்லியத்தில் இல்லை. அது முகத்துக்கு அஞ்சாமல் 'வேண்டாம்' என்று சொல்வதில் இருக்கிறது.

பயணிகள் மூன்று பொருள்களை உடலோடு வைத்திருப்பர். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறிகாட்டும் சிறு கருவி ஒன்று. மடக்கக்கூடிய நீண்ட துழாவுகோல் ஒன்று. மண்வாரி போன்ற பனிவாரி ஒன்று. முழுதும் புதைந்தவரை ஏறத்தாழ 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரை மணி கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேற்பட்ட பனியை அகற்ற வேண்டும். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் முடிந்துவிடலாம். எனவே புதைந்தவனின் உயிர் அவனோடு வந்தவன் கையில் இருக்கிறது. ஏறும்போது பத்துப் பத்து மீட்டர் இடைவெளி விட்டும், செங்குத்தான இடத்தில் ஒருவர் பின் ஒருவராக இறங்கியும் செல்வது, எல்லோரும் ஒருங்கே புதையாமல் தோண்டுவதற்கு ஆள் எஞ்ச வேண்டும் என்பதற்காகவே.

உயர்வழிக்கு உரிய பருவம் மார்ச்சு நடுவிலிருந்து மே தொடக்கம் வரை. அப்போது பகலில் பனி இளகி, இரவில் உறைந்து, மீண்டும் இளகும். இரவில் நன்றாக உறைந்த பரப்பு கல்போல் தாங்கும். அதன்மேல் ஏறுவது பாதுகாப்பானது. காலையில் ஓரிரு விரற்கடை மட்டும் இளகியிருக்கும் வேளை இறங்குவதற்கு ஏற்ற வேளை. நண்பகலுக்குப் பின் முழங்கால் புதையும் சேறாகிவிடும். ஆகவே பயணிகள் விடியுமுன் எழுவர். எழுந்தவுடன் வழிகாட்டி முதலில் செய்வது வெளியே சென்று வானைப் பார்ப்பது. விண்மீன் நிறைந்திருந்தால் மகிழ்வார். பனியின் வெப்பம் வானுக்குப் போய்ப் பரப்பு உறைந்திருக்கும். முகில் மூடியிருந்தால், காற்றுக் குளிராக இருந்தாலும், தம் கோலால் பனியைக் குத்திப் பார்ப்பார். கோல் எளிதில் இறங்கினால் அன்றைய நேரக்கணக்கெல்லாம் மாறிவிடும். உள்ளே தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். இருபது பேர் காலணி மாட்டிக்கொண்டிருப்பர். அவர்களிடம் ஒருவர் சென்று 'இன்று இல்லை' என்று கூற வேண்டும். மலையில் எந்த ஏற்றமும் இதைவிடக் கடினமன்று.

இந்த வழியின் வரலாற்றிலேயே அதற்குச் சான்றுகள் உள்ளன. சுவிஸ் இராணுவம் 1943-இல் செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை ஒரே மூச்சில் செல்லும் பந்தயம் ஒன்றைத் தொடங்கியது. 1949-இல் பந்தயத்தில் சென்ற மூவர் பனிப்பிளவு ஒன்றில் விழுந்து இறந்தனர். அத்தோடு அது தடை செய்யப்பட்டு, 1984-இல்தான் மீண்டும் நடத்தப்பட்டது.

2018 ஏப்ரல் 29-இல் நடந்தது வேறு வகையானது. அன்று பீன் தரோலா பகுதியில் கடும்புயல் வீசியது. வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த 14 பேர் வின்யெத் குடிலை நோக்கி வந்துகொண்டிருந்தனர். வானும் நிலமும் ஒரே வெள்ளையாகி, முன்னால் செல்பவரின் முதுகு தெரியாத நிலை. அந்த வெண்மையில் ஏற்றம் எது, இறக்கம் எது என்று கண் அறியாது; நின்றிருப்பவனுக்கே தான் நகர்வதுபோல் தோன்றும். பாறையும் பிளவும் நிறைந்த அவ்விடத்தில் வழி பிசகினால் விளிம்பிலிருந்து விழ நேரிடும். இரவு வந்தது. அவர்கள் வெட்டவெளியில் தங்க நேர்ந்தது. மறுநாள் காலையில் மீட்புக்குழுவினர் வந்தபோது குளிர் தன் வேலையை முடித்திருந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அங்கே பனி சரியவில்லை. குடில் சில நூறு மீட்டர் தொலைவில் இருந்தது. 3,157 மீட்டர் உயரத்தில், பாறை முகட்டின்மேல், அடுப்பும் கம்பளியும் சூடான சாறும் உள்ள குடில். பகல் தெளிந்திருந்தால் பத்து நிமிடத்தில் சென்றிருக்கலாம்.

2024 மார்ச்சு 9-இல் செர்மாட்டிலிருந்து அரோலாவுக்குப் புறப்பட்ட ஆறு பேர் தேத் பிளான்ஷ் அருகே புயலில் சிக்கினர். மறுநாள் ஐவரின் உடல்கள் கிடைத்தன; ஆறாமவர் அந்தத் தேடலில் அகப்படவில்லை. மலையைப் பழகியவர்கள் அவர்கள். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், தொலைவில் அமர்ந்து 'ஏன் போனார்கள்?' என்று கேட்போர் பலர். கேள்வி எளிது. புறப்படும்போது எவரும் புயலுக்குள் புறப்படுவதில்லை. ஒரு மணி நேரம் தாமதம், சற்று முன்னதாக வந்த காற்று, திரும்பினால் இழக்கும் ஒரு நாள், பணம் கட்டிப் பதிவு செய்த அடுத்த குடிலின் படுக்கை, இவை ஒவ்வொன்றும் சிறியவை. இவற்றுள் எதனையும் தனியே எடுத்துத் தவறு என்று சுட்ட இயலாது. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போதுதான், பனியைப்போலவே, அடியில் எது நலிந்தது என்பது தெரியாமல் போகிறது.

வழியும் தன்னிலையில் நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பெர்ன் மலைகளில் 1877-இல் பனியாற்றுக்குச் சற்று மேலே கட்டிய கொன்கோர்டியா குடிலை அடைய, இன்று நானூறுக்கும் மேற்பட்ட இரும்புப் படிகளை ஏற வேண்டும். குடில் நகரவில்லை, பனியாறு தாழ்ந்துவிட்டது. உயர்வழியிலும் முன்பு மென்பனியாகக் கிடந்த கணவாய்கள் சில, இன்று வெறும் பனிக்கட்டியும் உதிரும் பாறையுமாக நிற்கின்றன. தந்தை சென்ற வழியை மகனுக்குக் காட்டும் பழைய வழிகாட்டி நூல்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மனிதர் அங்கே செல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் பனியாற்றின் நடுவே ஏறுவோருக்குத் தோல்பட்டை பனியில் உரசும் ஒலி ஒன்றே கேட்கும். கிழக்கே முகடு ஒன்று செந்நிறம் பெறும், பிறகு அடுத்தது, பிறகு அனைத்தும். இறங்கும்போது, முதல் திருப்பத்தில் பலகையின் கீழ் பனி விலகும் மென்மையை, ஏறிய களைப்பை அறிந்த கால்தான் அறியும். ஊர்தியில் ஏறியவனுக்கு அது கிட்டாது. இதனை வீரம் என்று புகழ்வதும் பொருந்தாது. வெறி என்று இகழ்வதும் பொருந்தாது. பனியைக் கற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கு அது கல்வி. அதில் தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று கருதுவோருக்கே ஆபத்து மிகுதி.

மாலையில் குடில்களில் ஒரு வழக்கம் உண்டு. ஈரக் காலணிகளை வாயிலறையில் விட்டுவிட்டு, அங்குள்ள மிதியடிகளை அணிந்து உள்ளே வருவர். ஈரத் தோல்பட்டைகள் உலர்வதற்காக அடுப்புக்கு மேலே தொங்கும். 5 மணிக்கு அறிக்கை வரும், மேசைகளில் பேச்சுச் சற்றே அடங்கும், வரைபடங்கள் விரியும். குடில் காப்பாளர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துவைப்பார். ஒவ்வொரு குழுவும் அதில் தன் பெயரை எழுத வேண்டும். எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் நாளை எங்கே செல்கிறது என்று எழுத வேண்டும். நாளை எவரேனும் வந்து சேராவிட்டால், தேடுவோர் முதலில் புரட்டும் ஏடு அதுவே. சிலர் அந்தக் கட்டத்தில் செர்மாட் என்று எழுதுகின்றனர். சிலர் எழுதி, காலையில் வெளியே சென்று வானைப் பார்த்துவிட்டு வந்து, அதை அடித்துவிட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள அரோலா ஊரின் பெயரை எழுதுகின்றனர். அரோலாவிலிருந்து பேருந்து உண்டு.